நீ தப்பித்த காய்ச்சல்

கதிருக்கு அம்மா எழுதுவது. உன் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். எது நடந்தாலும் நலமாக இருக்கத் தெரிந்த பிள்ளை நீ, அந்தத் திறமை என்னிடமிருந்து வந்தது.

நேற்று போனில் கல்யாணப் பத்திரிகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். மாமா பேச்சு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "நல்லவேளைம்மா, அந்தக் குடும்பத்துக்குள்ள போய் மாட்டாம தப்பிச்சேன். ரத்தத்துலயே வர்ற நோயாச்சே அது" என்றாய். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாய். உன் மாமாவும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அந்த ரத்தம்தான் எனக்கும் உனக்கும் ஓடுகிறது என்பது அந்த நேரத்தில் உனக்குத் தோன்றவில்லை. நான் "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம், எனக்கு அறுபத்து நான்கு வயது. நீ எதிலிருந்து தப்பித்தாய் என்று முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அதைச் சாக்காக வைத்து நிறுத்திக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன். இருபத்தெட்டு வருடம் சத்துணவு மையத்தில் பதிவேடு எழுதிய கை இது. வராத பிள்ளைகளையும் வந்ததாக எழுதிப் பழகிய கை. இந்த ஒரு தடவை உள்ளதை எழுதிப் பார்க்கிறேன்.

நம் செவலை மாட்டை உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜ் முடித்த வருடம் கிடாரியாக வாங்கியது. மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம், நீ பொங்கல் முடிந்து சென்னைக்குப் போன மறுவாரம், அது ஏழு மாதச் சினை. இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கொட்டகைக்குப் போனால், முடிகூடச் சரியாக முளைக்காத கன்று ஒன்று செத்துக் கிடந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. நானே முழங்கை வரைக்கும் கையை விட்டு இழுத்துப் போட்டேன். புல்லறுத்த கைகள், விரலெல்லாம் கீறல். அதை யார் பார்த்தார்கள். கன்றையும் கொடியையும் சாக்கில் கட்டி, வாழைத் தோட்டத்து மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கை கால் கழுவி, ஒன்றும் நடக்காததுபோல வந்து உலை வைத்தேன். பக்கத்து வீட்டில்கூடச் சொல்லவில்லை. நாள் நிறையாமல் கன்று வீசிய மாடு என்று தெரிந்தால் மார்க்கையன்கோட்டையிலிருந்து கம்பம் வரைக்கும் ஒருவரும் அதை வாங்க மாட்டார்கள். தரகர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். வயிற்றுக்குள் நடந்ததை மாடு சொல்லாது, மாட்டுக்காரியும் சொல்ல மாட்டாள். இங்கே எல்லோரும் அப்படித்தான், நான் மட்டும் புதிதாகக் கண்டுபிடித்த புத்தி இல்லை.

ஆனால் எல்லோரும் அதைச் சந்தைக்குக் கொண்டுபோய் முகம் தெரியாதவன் தலையில் கட்டுவார்கள். நான் என் தம்பி தலையில் கட்டினேன். மாசி மாதம் உன் மாமா கடமலைக்குண்டிலிருந்து நமக்குச் சுரைக்காயும் எலுமிச்சையும் கொண்டுவந்தவன், மாட்டைப் பார்த்துவிட்டு, "நீ ஒத்தையில கெடந்து இதோட மல்லுக்கட்டணுமாக்கா? எனக்குக் குடு, எம் மக நித்யா பாத்துக்குவா" என்றான். அக்காவிடம் பேரம் எதற்கு என்று நான் சொன்னதற்குத் தலையாட்டினான். மறுநாளே புதுக்கயிறும் ஒரு சின்ன வண்டியும் கொண்டுவந்துவிட்டான். கயிறு மாற்றும்போது மட்டும், கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டான். "வேற கொற ஒன்னும் இல்லையேக்கா?" நான் மாட்டின் முதுகில் கையை வைத்து, "மகாலச்சுமிடா" என்றேன். சினை பிடிக்கவில்லை, அவ்வளவுதான், ஒரு ஊசி போட்டால் பிடித்துவிடும் என்று சொன்னேன். அவன் அதன் நெற்றியில் திருநீறு பூசி ஏற்றிப் போனான்.

பங்குனியில் அவன் வீட்டுக்குப் போய் எட்டு நாள் இருந்தேன். அங்கேதான் எனக்கு முதல் காய்ச்சல். சாயங்காலமானால் ஏறும், விடியும்போது உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றிச் சேலை நனைந்துவிடும். இடுப்பும் மூட்டும் விட்டுப்போகும். பத்து நாள் அடிக்கும், பத்து நாள் சும்மா இருக்கும், அப்பாடா என்று உட்கார்ந்தால் மறுபடியும் வரும். சின்னமனூரில் டைபாய்டு என்றார்கள். ஊசி போட்டார்கள், அடங்கியது, வந்தது. மலேரியா இல்லை, டெங்கு இல்லை, நெஞ்சுப் படத்தில் ஒன்றும் இல்லை. ஆடிக்குள் பதினோரு கிலோ இளைத்துப் போனேன். நீ லீவு போட்டு வந்து தேனியில் ஒரு டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனாய். உனக்கு அந்த அறை நினைவிருக்கிறதா? அவர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எந்த ஊருக்குப் போனீர்கள், என்ன தண்ணீர், பல் பிடுங்கினீர்களா, எலி கடித்ததா. "காய்ச்சலுக்குப் பேரு கண்டுபிடிக்கிறது ரத்தத்துல பாதி, கதையில பாதி. எதையும் விடாமச் சொல்லுங்க" என்றார். பிறகு கேட்டார். "வீட்ல ஆடு மாடு இருக்கா? பச்சைப்பால் குடிப்பீங்களா? எந்த மாடாவது கன்னு கலைஞ்சுதா?"

நான் சொன்னேன், "எங்க வீட்டுல மாடே இல்லைங்கம்மா." அன்றைய தேதிக்கு அது சத்தியமான உண்மை.

நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆறு மாதத்துக்கு முன்னால் வரைக்கும் நம் கொட்டகையில் மாடு நின்றது உனக்குத் தெரியும். பொங்கலுக்கு அதன் கொம்புக்கு வர்ணம் அடித்தவன் நீ. நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் இல்ல டாக்டர். நான் ஐ.டி.ல இருக்கேன், அம்மா ரிட்டயர்டு" என்றாய். மகன் ஐ.டி.யில் இருந்தால் அம்மாவின் கையில் சாணி நாற்றம் அடிக்காது போலிருக்கிறது. அந்த டாக்டர் அம்மா அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கோட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது தெரியுமா என்று கேட்பாய். தெரியும். மாட்டைப் பற்றி ஒரு டாக்டர் சும்மா கேட்பாரா? கேள்வி வந்த நொடியிலேயே புதைத்த குழி கண் முன்னால் வந்துவிட்டது. ஆனால் ஆமாம் என்றால், அந்த மாடு இப்போது எங்கே என்று அடுத்த கேள்வி வரும். தம்பி வீட்டில் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவனுக்குப் போகும், சாதிசனத்துக்குப் போகும், கூடப் பிறந்தவனையே ஏமாற்றியவள் என்று ஆகும். என் உடம்புதானே, வேகட்டும் என்று இருந்துவிட்டேன். இதில் ஏதோ தியாகம் இருப்பதாக அப்போது எனக்கே ஒரு நினைப்பு. உன் மாமா தினமும் கறந்த சூட்டோடு ஒரு சொம்பு பச்சைப்பால் குடிக்கிறவன் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

மாடு என்ற வரியை அடித்துவிட்டதால் டாக்டர்கள் வேறு எங்கெங்கோ தேடினார்கள். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கிச் சோதித்தார்கள். புற்றுநோயோ என்று நீ வராந்தாவில் நின்று அழுதாய். உன்னை அழவிட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கடைசியில் எங்கோ மறைந்திருக்கும் காசநோயாக இருக்கலாம் என்று அந்த மாத்திரையை ஆரம்பித்தார்கள். காய்ச்சல் அடங்கியது. எல்லோரும் கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டார்கள். ஈரல் தாங்காமல் கண் மஞ்சளாகி மாத்திரையை நிறுத்தினதும் திரும்ப வந்தது. அந்த மாத்திரைகளில் ஒன்று இந்தக் காய்ச்சலையும் கொஞ்சம் அடக்கக்கூடியதாம். அதனால்தான் எல்லோரும் ஏமாந்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். நான் ஏமாறவில்லை.

ஐப்பசியில் உன் மாமா படுத்தான். அதே சாயங்காலக் காய்ச்சல், அதே வேர்வை. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நோய் என்று ஊரே ஆச்சரியப்பட்டது. இரண்டு பேரையும் நீதான் காரில் மதுரைக்குக் கூட்டிப்போனாய். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் எங்கள் இரண்டு பேர் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கூடப்பிறந்தவங்க ரெண்டு பேருக்கும்னா பரம்பரையா இருக்கவும் வாய்ப்பிருக்கு. சொந்தத்துல பொண்ணெடுக்கிற யோசனை இருந்தா கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். இருக்கவும் வாய்ப்பிருக்கு என்றுதான் சொன்னார். உனக்கும் நித்யாவுக்கும் பூ வைத்துத் தட்டு மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. திரும்பி வரும்போது நீ டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் "வேண்டாம்மா, பிறக்கிற பிள்ளைகளை யோசிக்கணும்" என்றாய். மூன்று நாள். எட்டு வயதிலிருந்து உன் பின்னாலேயே சுற்றிய பெண்ணை விட உனக்கு மூன்று நாள் போதுமாயிருந்தது. அவளுக்கு ஒரு போன்கூட நீ செய்யவில்லை, செய்தியை என்னிடம் கொடுத்தனுப்பினாய்.

நானும் கொண்டுபோனேன். உன் மாமா போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். கோபப்படவில்லை. "நம்ம அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ இப்படி எதுவும் இருந்துச்சாக்கா? நீ மூத்தவ, ஒனக்குத்தான் தெரியும்" என்று கேட்டான். எங்கள் அப்பா எண்பத்தொரு வயது வரைக்கும் ஒரு தலைவலிக்குக்கூடப் படுத்தவரில்லை. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்பாவுக்கு அடிக்கடி வரும்டா. நீ சின்னப்பய, ஒனக்கு ஞாபகம் இருக்காது" என்றேன். செத்துப்போன மனுஷன் தலையில் ஒரு நோயை ஏற்றி வைத்தேன். தம்பி அதை அப்படியே நம்பி, "அப்ப கதிரு சொல்றதுல தப்பில்ல" என்று தலையை ஆட்டினான். நித்யா அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அழவில்லை, பார்த்தாள்.

அவள்தான் கண்டுபிடித்தாள், கதிர். மார்கழியில் செவலை அங்கேயும் எட்டாம் மாதத்தில் கன்று வீசியது. நித்யா என்னைப்போல மூலையில் புதைக்கவில்லை. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் மாட்டின் ரத்தத்தை எடுத்துப் போனார். அன்று எனக்கு போன் செய்தாள். "அத்த, ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்கிராதிக. இந்த மாடு அங்கன இருக்கையில கன்னு வீசுச்சா?"

"ஏண்டி, கல்யாணம் நின்னு போச்சுன்னு எம்மேல பழி போட அலையிறியா?"

"பழி போடலத்த. மாட்டு டாக்டரு கேட்டாக. வீட்டுல யாருக்கும் விட்டு விட்டுக் காச்ச அடிக்குதான்னும் கேட்டாக. அதான்."

"ஒன் ஆத்தா ஒன்னய வளத்த லட்சணம் இது" என்று ஆரம்பித்து, ஒரு பெண்ணைப் பார்த்து எதையெல்லாம் சொல்லக்கூடாதோ அதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சரித்த. இருந்தாலும் நீங்களும் ஒருக்க ரத்தம் குடுத்துப் பாருங்க" என்று வைத்தாள். அவளே அவள் அப்பாவைக் கூட்டிப்போய்ச் சோதித்தாள். மாட்டுக்கும் அதுதான், மனுஷனுக்கும் அதுதான். நோயின் பெயரை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பிவைத்தாள். நான் அந்தத் தாளைத் தேனி டாக்டர் அம்மாவிடம் நீட்டினேன். அவர் என் பழைய சீட்டை எடுத்து, அடித்திருந்த வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மருந்துச் சீட்டை எழுதினார். இரண்டு வகை மாத்திரை, ஆறு வாரம். அவ்வளவுதான் வைத்தியம். பத்து மாதம் என்னை வறுத்த காய்ச்சல் ஆறு வாரத்தில் போய்விட்டது. உன் மாமாவுக்கும் காய்ச்சல் போனது. ஆனால் முதுகெலும்பில் இரண்டு கணுவை அது அரித்து முடித்திருந்தது. அவனால் இனி ஏர் பிடிக்க முடியாது, குனிந்து ஒரு செம்பைக்கூட எடுக்க முடியாது. கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம். நான் அங்கே இல்லை. போயிருந்தாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்கு வலிக்கிறது, அதனால் உனக்கும் வலிக்கட்டும். தை மாதமே தெரிந்துவிட்டது, இது பரம்பரை இல்லை, பாலும் நஞ்சுக்கொடியும் கொடுத்த நோய் என்று. நித்யாவுக்குக் கல்யாணம் நடந்தது வைகாசியில். நடுவில் முழுசாக நான்கு மாதம் இருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ திரும்பிப் போயிருப்பாயோ மாட்டாயோ, தெரியாது. வேண்டாம் என்றவனிடம் அவர்கள் வலிய வந்து சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் எந்த மாடு என்று நீ கேட்பாய். அவள் மருமகளாக வந்தால் தினமும் அந்தக் கண்ணை நான் பார்க்க வேண்டும். கல்யாணம் நின்றதில் எனக்கு உள்ளூர நிம்மதி இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நான்கு மாதத்தில், ரத்தத்தில் நோயுள்ள குடும்பம் என்று சொல்லி இரண்டு இடத்துக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் பெரியகுளத்தில் பெண்டாட்டியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவருக்கு இரண்டாம்தாரமாகப் போனாள். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது என்று சொன்னதும் நீ "சூப்பர்மா" என்றாய். அது என்ன காய்ச்சல், எப்படி நின்றது என்று நீ இன்று வரைக்கும் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். என்னிடம் நாலு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. உன்னைக் கட்டிக்கொண்டு வரப்போகிறவளுக்கு என்றைக்காவது ஒரு காய்ச்சல் வந்து ஓயாமல் அடித்தால், டாக்டர் கேட்கும்போது உன் மானத்தை வெளியே செருப்போடு விட்டுவிட்டுப் போய் உட்கார். முடியாது என்றால் அவளைத் தனியாக அனுப்பிவிடு. நீ பக்கத்தில் இல்லாவிட்டாலாவது அவள் உண்மையைச் சொல்லிப் பிழைத்துக்கொள்வாள்.

போன வாரம் பத்திரிகை வைக்கக் கடமலைக்குண்டு போயிருந்தேன். உன் மாமா முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். கொட்டகை காலியாகக் கிடந்தது. செவலை அங்கேயே செத்ததாம். கால்நடை டாக்டர் விற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார், அதனால் பால் கறக்காமலே ஒரு வருடத்துக்கு மேல் தீனி போட்டு வைத்திருந்திருக்கிறான். "சந்தையில தள்ளிவிட்டிருக்கலாம்ல?" என்று என் வாய் கேட்டுவிட்டது. "தெரிஞ்சே இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்றியாக்கா?" என்றான். வெறுமனே சொன்னான், அதில் குத்தல் எதுவும் இல்லை. அவனுக்குக் குத்தத் தெரியாது. பிறகு அவன் பெண்டாட்டியைக் காப்பி போட உள்ளே அனுப்பிவிட்டு, பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அக்கா, ரொம்ப நாளா ஒன்னு மனசுல கெடந்து அறுக்குது. மாடு வந்த புதுசுல, பங்குனியில, இங்கன வந்து எட்டு நாளு இருந்தியே. அப்ப இந்த வீட்டுப் பால குடிச்சுத்தான ஒனக்கும் வந்துச்சு? நல்லா இருந்த மாட்ட நீ குடுத்த. எங்க கொட்டத்துலதான் அதுக்கு என்னமோ ஒட்டியிருக்கு. என்னால ஒரு வருசம் நீ வெந்து நொந்து போயிட்ட. கதிரு வாழ்க்கையும் எம் மக வாழ்க்கையும் இப்படி ஆனதுக்கு நாந்தான் காரணம். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுக்கா. அப்பத்தான் நான் கல்யாணத்துக்கு வந்து நிக்க முடியும்."

சொல்லிவிட்டு என் காலைத் தொட நாற்காலியிலிருந்து குனியப் பார்த்தான். முதுகு வளையவில்லை. பாதியில் நின்று, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நித்யா அவனிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்காவின் மேல் அவன் வைத்திருப்பதை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் எனக்கு இந்தப் பிறவியில் வாய்க்கப் போவதில்லை. நான் எழுந்து போய் அவன் தோளைப் பிடித்து நேராக உட்கார வைத்தேன்.

"ஏலே, அழுகாத. தெரியாமத்தான செஞ்ச" என்று சொல்லி அவனை மன்னித்துவிட்டு வந்தேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. கல்யாணத்துக்கு வருகிறான். முகூர்த்தத்தன்று உன் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போகப் போகிறவன் அவன்தான்.

அம்மா